தண்ணீருக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுப்போம்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நமக்குத் தேர்ப்பவனியும் மின்விளக்கு அலங்காரமும் அன்பு விருந்தும் நினைவுக்கு வருகின்றன. இவை வேண்டியவையே. ஆயினும் லேவியர் ஆகமம் 25-ம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால், யூபிலியின் பொருள் இன்னும் ஆழமானது என்று காண்கிறோம். 50-ம் ஆண்டில், கைமாறிப்போன நிலம் உரியவனிடமே திரும்பிச் சேரவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. ஆகவே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம். தண்ணீரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட இடத்தை எப்போது திருப்பிக் கொடுக்கப் போகிறோம்?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிற்று. நம் பகுதியில் ஓராண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 100 செ.மீ.தான். தென்பெண்ணை கரைபுரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்கள் நின்றன. இவ்வளவு பெய்தும், கோடை வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். வெள்ளமும் வறட்சியும் இரண்டு நோய்கள் அல்ல. பெய்த மழையைத் தங்கவிடாத ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள்.

விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடம் முன்னாளில் ஏரி என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் புகுந்துவிட்டது என்று குறைப்படுகிறோம். அது பழகிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. நாம் முன்பு திண்டிவனத்தில் பணியாற்றியபோது கிடங்கல் ஏரிக்கரைக்குச் செல்வதுண்டு. சங்க காலத்தில் நல்லியக்கோடனின் ஊராகிய கிடங்கில் அதுவே. அக்காலத்து மக்கள் ஏரியை ஒட்டி ஊரை அமைத்தார்கள். நாமோ ஏரிக்குள்ளேயே ஊரை அமைக்கிறோம்.

அரசு அணை கட்டித் தரட்டும் என்று இருந்துவிடலாமா? தளவானூரில் ஏறத்தாழ 25 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய தடுப்பணை 2020-ல் திறக்கப்பட்டு, 2021 சனவரியிலேயே உடைந்தது. பெரிய வேலைகள் வேண்டும். அவை ஒழுங்காக நடக்கவும் வேண்டும். ஆனால் மழை முதலில் விழுவது நம் மாடியில் அல்லவா? 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். சேதாரம் போக, ஆண்டுக்கு 70,000 லிட்டராவது கிடைக்கும்.

2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நம் ஆலயத்திலும் குழி வெட்டினோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே மண்ணும் சருகும் மக்கிய பிளாஸ்டிக் பைகளும் இருந்தன. குழியைக் கவனியாமல் விட்ட குற்றம் முதலில் பங்குத் தந்தையாகிய நம்முடையதே.

அந்த மே மாதம் நம் ஆழ்குழாய்க் கிணறு வறண்டது. விழா விருந்துக்குச் சமைக்கத் தண்ணீர் தந்தவர், நம் மறையைச் சேராத, அடுத்த தெரு மூதாட்டி ஒருவர். வீட்டை நீட்டிக் கட்டுவதற்காக உறைகிணற்றை மூடச் சொன்னார்கள் பிள்ளைகள். அவர் மூடவிடவில்லை. மாடித் தண்ணீர் கூழாங்கல்லும் மணலும் கரியும் இட்ட தொட்டியில் வடிந்து அக்கிணற்றில் இறங்குகிறது. எப்படி இது வற்றவில்லை என்று கேட்டோம். "வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னே தொட்டியைக் கழுவி விடுவேன் சாமி, அவ்வளவுதான்" என்றார்.

பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். அதை அந்த அம்மாள் நமக்குச் செய்து காட்டினார்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை சில. பங்கு இல்லத்தின் பின்னால் கல் போட்டு மூடிய பழைய கிணற்றைத் திறந்து, ஆலயக் கூரைத் தண்ணீரை வடிகட்டி அதில் விடுவோம். ஆண்டுதோறும் புரட்டாசியில் இளைஞர் மன்றத்தாரும் மரியாயின் சேனையாரும் வீடு வீடாகச் சென்று, மழைநீர்க் குழிகளைச் சுத்தம் செய்ய உதவட்டும். முற்றம் முழுவதும் சிமென்ட் பூசாதீர்கள். ஒழுகும் குழாயை அன்றைக்கே சரி செய்யுங்கள். ஏரிகளையும் வரத்து வாய்க்கால்களையும் அளந்து எல்லைக்கல் நடும்படி நகராட்சிக்குப் பங்குப் பேரவை விண்ணப்பம் எழுதட்டும்.

இன்னும் ஒன்று, சொல்லக் கடினமானது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாய்க்காலைத் தூர்த்த மனையை வாங்கி, வீடு மந்திரிக்க நம்மை அழைக்கிறீர்கள். நாமும் கேள்வி கேளாமல் வந்து மந்திரித்திருக்கிறோம். இனி கேட்போம். போக்கிடமின்றி அங்கே குடிசை போட்ட ஏழையை நாம் சொல்லவில்லை. அவருக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே எதுவும் பேசவேண்டும். ஏரியைக் கூறுபோட்டு விற்பவரையும், தெரிந்தே வாங்குபவரையும்தான் சொல்கிறோம்.

யூபிலி நினைவாகக் கல்வெட்டு வைக்கவேண்டும் என்று பலர் கேட்டீர்கள். முதலில் கிணற்றைத் திறப்போம்; அதன் கைப்பிடிச் சுவரில் ஆண்டைப் பொறித்தால் போதும். தண்ணீர் வேண்டி யார் வந்தாலும் நம் வாயிற்கதவு திறந்திருக்கட்டும். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.