கல்லெழுத்தும் கற்பனை வாழ்வும்



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறிச் செல்வோர் ஏலச்செடியைப் பெருமரங்களின் நிழலிலேயே காண்பர். நிழல் நீங்கினால் செடி வாடும். வரலாற்று மாந்தர்க்குக் கற்பனை வாழ்வு புனைவோர்க்கும் சான்று என்னும் நிழல் வேண்டும். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு இராசராச சோழரின் 2ஆம் ஆட்சியாண்டினது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சுட்டிக் கூறுகிறது. கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. அந்த மௌனத்தில்தான் கல்கியின் பேனா நுழைந்தது. கரிகாலன் 'பாண்டியன் தலைகொண்டவன்' என்று கல்வெட்டுகளில் புகழப்பெற்றவன். அத்தலைக்குப் பழிவாங்கும் சூழ்ச்சியைக் கல்கி புனைந்தார். எந்தக் கல்வெட்டிலும் இல்லாத நந்தினியை அதன் நடுவே நிறுத்தினார். அரசாணை துரோகி என்று மட்டுமே எழுதிய இரவிதாசனுக்கு, மாண்ட மன்னன்பால் விசுவாசம் என்றொரு காரணம் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வரும் வந்தியதேவர் ஐந்து பாகங்களுக்கும் நாயகரானார்.

இவற்றினும் நுட்பமான இடம் ஒன்றுண்டு. கரிகாலன் மறைவுக்குப் பின் அரியணை உத்தம சோழரைச் சேர்ந்தது. கொலையில் அவருக்கும் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். அறிஞர்கள் ஒருமுடிவுக்கு வராத வழக்கில் கல்கி தீர்ப்பு எழுதவில்லை. அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகனை ஒருவனாகவும், உத்தம சோழனாக முடிசூடும் சேந்தன் அமுதனைப் பூத்தொண்டு செய்து வளர்ந்த வேறொருவனாகவும் படைத்தார். கரிகாலனைக் கொன்ற கை எது என்பதையும் ஐயத்திலேயே விட்டார்.

இறந்தவர் எழுந்து வந்து மறுப்புரை கூறமாட்டார். ஆகவே, சான்று ஐயுறும் இடத்தில் புனைவும் ஐயுறுதல் வேண்டும். கற்பனை நாடொன்றைப் படைத்து அதில் மெய்யான மன்னனை உலவவிடும் கவிஞர்க்கும் இக்கடமை உண்டு. அவன் பெயரை எடுத்துக்கொள்பவர் அவன் மானத்தையும் கையில் எடுத்துக்கொள்கிறார். வாசகர்க்கும் பொறுப்பு உண்டு. மணிரத்தினம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இந்நாவலை இரு திரைப்படங்களாக்கிய பின், நந்தினியைச் சரித்திரப் பெண்ணாகவே கருதுவோர் பெருகலாம். அது கல்கியின் வெற்றி. ஆயினும் வரலாறு ஆகாது.

இம்மலையடிவாரத்துப் பாளையக்காரர், ஜமீன்தார் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. மலையேறிக் காய் பறித்த பெண்களின் பெயர்களும், மூட்டை சுமந்து இறங்கியவர்களின் பெயர்களும் எந்தக் கல்லிலும் இல்லை. உடையார்குடிக் கல்வெட்டு காரணத்தை மறைத்தது. இவர்கள் வாழ்ந்ததையே கற்கள் மறைத்தன. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் இவர்களுக்கு வாழ்வு புனைய முன்வருவார்களாக. அவ்வாழ்வு அரண்மனைக் கதையின் சாயலில் அன்றி, அவர்கள் செய்த வேலையிலிருந்தே முளைக்கட்டும். ஏலச்செடியின் காயும் உயர்ந்த இலைகளுக்கிடையே காய்ப்பதில்லை. தூரை ஒட்டி மண்ணருகே தான் காய்க்கிறது. குனிந்து பார்ப்பவர்க்கே அது அகப்படும்.