பற்களும் ஓர் அமானிதமே





நமது உடலில் எலும்பைவிடக் கடினமான ஒரு பொருளை அல்லாஹ் அமைத்துள்ளான். பல்லைப் போர்த்தியிருக்கும் மிளிரியே அது. எனாமல் என்றும் கூறுவர். முறிந்த எலும்பு மீண்டும் பொருந்தும். குழி விழுந்த மிளிரியோ மீண்டும் வளர்வதில்லை. அதனை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன.

நமது ஊவா மாகாணத்தில் இம்மிளிரியை இரு கேடுகள் தாக்குகின்றன.

முதலாவது, பதுளை மாவட்டத்தின் தோட்டங்களிலும் நகரங்களிலும் நாம் காணும் பற்சூத்தை. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்குகின்றன; அவ்வமிலம் மிளிரியைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அதனைச் சீர்செய்கின்றது. ஆனால், இனிப்புத் தேநீரை நாள் முழுவதும் அருந்தினால் அதற்கு அவகாசம் ஏது? உறக்கத்தில் உமிழ்நீர் மேலும் குறைந்துவிடும். ஆகவே, இனிப்புப் பானத்தைப் போத்தலில் கொடுத்துக் குழந்தையை உறங்க வைக்காதீர்கள். "பாற்பல் விழத்தானே போகின்றது" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அதில் சீழ் பிடித்தால், அடியில் உருவாகும் நிரந்தரப் பல்லின் மிளிரியும் பழுதடையலாம்.

இரண்டாவது, மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாய போன்ற உலர் பகுதிகளில் கிணற்று நீரில் மிகுந்து காணப்படும் புளோரைட்டு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பிறப்பு முதல் 8 வயது வரை அதிக புளோரைட்டு உடலில் சேர்ந்தால், உருவாகும் பற்களில் வெண்திட்டுகளும் கபிலக் கறைகளும் படிகின்றன. இது அசுத்தத்தால் வருவதன்று. அப்பிள்ளையைப் பரிகசிப்பது பெரும் அநீதி. கரியாலும் செங்கல் தூளாலும் தேய்த்தால் மிளிரியே தேய்ந்துபோகும். நீரைக் கொதிக்க வைப்பதாலும் புளோரைட்டு நீங்காது. கிணற்று நீரைப் பரிசோதித்து, பாதுகாப்பான நீரையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

அதே புளோரைட்டு பற்பசையில் அளவோடு இருக்கையில் பல்லைக் காக்கின்றது. 3 வயதிற்குக் குறைந்தோருக்கு ஓர் அரிசியளவும், 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். அளவே அனைத்திற்கும் அழகு.

இளைஞர்களே! உம்மத்திற்குச் சிரமமாகுமே என்ற அச்சம் இல்லையெனில், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டளையிட்டிருப்பார்கள் நமது நபிகளார் (ஸல்) அவர்கள். அந்த ஸுன்னாவை மிஸ்வாக்கினால் பேணுங்கள். காலையிலும் உறங்குமுன்னும் பற்பசையாலும் துலக்குங்கள். ரமழானில் ஸஹருக்குப் பின் பல் துலக்காமல் உறங்கச் செல்லாதீர்கள்.

சூத்தையின் தொடக்கம் ஒரு வெண்புள்ளியே. அந்நிலையில் அதனைத் தடுத்து நிறுத்த முடியும். வலி வரும்வரை காத்திராதீர்கள். அரசாங்க வைத்தியசாலையில் பற்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இவ்வமானிதத்தைப் பேண வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.