முத்திரைக் கூலி யாருடையது?

யட்டவத்தவிலுள்ள எமது பாடசாலைக்குத் தபாற்காரர் ஒருநாள் இரண்டு கடிதங்களைக் கொண்டுவந்தார். இரண்டும் மக்கள் பிரதிநிதி ஒருவரிடமிருந்து வந்தவை. முதலாவது, பழுதுற்ற பாலம் ஒன்றைப்பற்றிப் பெற்றோர் அனுப்பிய விண்ணப்பத்துக்கு விடை. மற்றையது, அவரது படம் பொறித்த புத்தாண்டு வாழ்த்து. விடைக் கடிதத்தைப் பெற்றோர் இன்றும் பேணி வைத்திருக்கின்றனர். வாழ்த்தை எவரும் கேட்டிருக்கவில்லை. ஆயினும் இரண்டின் முத்திரைக் கூலியும் பொதுப்பணமே.

எமது பாராளுமன்ற உறுப்பினர்க்கு ஆண்டுதோறும் ஒரு வரம்புக்குட்பட்ட இலவச அஞ்சல் வசதி அளிக்கப்படுகிறது. இதன் நோக்கம் உயரியது. ஏழையின் விண்ணப்பம், முத்திரைக்குப் பணமில்லை என்ற காரணத்தால் விடையின்றிப் போகலாகாது. ஆனால் சலுகை எல்லை கடப்பது எளிது. பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர்கள் உறையின்மீது கையொப்பமிட்டால் அஞ்சற் கூலியில்லை என்றிருந்த காலத்தில், அக்கையொப்பம் நண்பர்க்கும் உறவினர்க்கும் பயன்பட்டது. ஊரையும் தேதியையும் உறுப்பினர் தம் கையாலேயே எழுதவேண்டுமென 1784இல் விதித்தும் முறைகேடு ஓயவில்லை. 1840 ஜனவரி 10ஆம் நாள், நாடெங்கும் ஒரு பென்னி அஞ்சல் தொடங்கியபோது, அச்சலுகையே ஒழிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலோ சலுகை நீடிக்கிறது. எனினும் செனட் உறுப்பினர் ஒருவர், தாம் போட்டியிடும் தேர்தலுக்கு முந்திய 60 நாட்களில் பொதுச்செலவில் திரள் கடிதங்களை அனுப்பலாகாது.

எமது அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரையும், தேர்தற் காலத்தில் அரச சொத்துக்களை ஒரு வேட்பாளருக்கோ கட்சிக்கோ சார்பாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு வழங்கியுள்ளது. அந்த நெறி தேர்தல் இல்லாத நாட்களிலும் பிரதிநிதியின் உள்ளத்தில் இருத்தல் வேண்டாமா?

2022 ஓகஸ்டில் சாதாரண கடிதக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் பிள்ளையின் பொருட்டு விண்ணப்பம் அனுப்புவதற்கு முன், அந்த ஐம்பது ரூபாயை எண்ணிப் பார்க்கிறார். அவர் கொடுத்த வரியும் அந்த இலவச உறையினுள் இருக்கிறது.

ஆகவே, அஞ்சலிடுமுன் பிரதிநிதி தம்மைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இக்கடிதம் பெறுபவருக்குப் பயன்படுமா, எனக்குப் பயன்படுமா? பெறுபவருக்காயின் பொதுப்பணத்தில் செல்லட்டும். தமக்காயின் முத்திரையைத் தாமே வாங்கி ஒட்டட்டும். உறை வந்தடையும் இல்லங்களிலுள்ள நாமும் இதே கேள்வியைக் கேட்கப் பழகுவோமாக.