பூட்டில்லாத கதவும் அனுமதிக் கடிதமும்



உலகப் படத்தில் இல்லாத ஒரு நாட்டைப் பற்றி இன்று உங்களுடன் பேச விழைகின்றேன். 'யூட்டோப்பியா' என்பது அதன் பெயர். அந்நாட்டைக் கண்டு மீண்டதாக நூலில் வரும் ரபேல் ஹித்லொடே என்ற போர்த்துக்கேயப் பயணி, எந்த வழியாக ஊர் திரும்பினான் தெரியுமா? 'தப்ரபேன்' என்று அக்கால ஐரோப்பியர் அழைத்த நமது இலங்கைத் தீவை அடைந்து, அங்கிருந்து கள்ளிக்கோட்டை சென்று கப்பலேறினான் என்கிறது கதை.

ஆங்கில அறிஞர் தோமஸ் மோர் இலத்தீனில் எழுதிய இந்நூல் 1516ஆம் ஆண்டு லூவன் நகரில் அச்சாகியது. கிரேக்கச் சொற்களைக் கொண்டு அவர் புனைந்த அந்தப் பெயருக்கு 'இல்லாத இடம்' என்பதே பொருள். அன்றைய இங்கிலாந்தில் ஆட்டு மந்தைகளுக்காக விளைநிலங்கள் வேலியடைக்கப்பட்டன. நிலமிழந்த உழவர் திருடினர், திருடியவரைத் தூக்கிலிட்டனர். இக்கொடுமையை நூலின் முதற்பாகம் சாடுகின்றது. தனியுடைமை உள்ளவரை நீதி இல்லை என்பது ஹித்லொடேயின் வாதம். அந்த வாதத்துக்குக் கல்லாலும் சுண்ணத்தாலும் கொடுக்கப்பட்ட வடிவமே இரண்டாம் பாகத்தில் வரும் நாடு.

அங்கே 54 நகரங்கள். ஒன்றைக் கண்டவர் எல்லாவற்றையும் கண்டவராவார். வீதிகள் 20 அடி அகலம். ஆதியில் மண்சுவரும் வைக்கோற் கூரையுமாக இருந்த குடிசைகள் இப்போது மூன்று மாடி வீடுகள். கூரைகள் தட்டையானவை, தீப்பற்றாத சாந்து பூசப்பட்டவை. வீடுகளின் பின்புறம் பழமும் பூவும் நிறைந்த தோட்டங்கள். கதவுகளுக்குப் பூட்டுக் கிடையாது. கை பட்டாலே திறக்கும், தானே மூடிக்கொள்ளும். யாரும் உள்ளே போகலாம். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வீடு மாறுவர். 'என் வீடு' என்ற எண்ணமே வேரூன்றாதிருக்க இந்த ஏற்பாடு.

நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் உழைத்தாற் போதும். எஞ்சிய பொழுதிற் பெரும்பாலோர் கல்வியை நாடுவர். பொன்னால் மலசலப் பாத்திரங்களும் அடிமைகளின் விலங்குகளும் செய்வர். உடல்நலமும் மனத்தின் இன்பமுமே மெய்யான இன்பம் என்பது அவர்தம் தத்துவம். பல சமயத்தவரும் கூடி வணங்கும் ஆலயங்களில் வேண்டுமென்றே மங்கலான ஒளியை வைத்திருப்பர். மிகுந்த ஒளி சிந்தையைச் சிதறடிக்குமாம்.

இவ்வளவும் கேட்க இனிக்கிறது. ஆனால் அன்பர்களே, அடிமைகளின் விலங்கு என்று சற்று முன் சொன்னேனல்லவா? பசியில்லாத அந்நாட்டில் அடிமைகள் உண்டு. அதுமட்டுமன்று. ஒரு நகரத்தவர் இன்னொரு நகரம் போவதாயின் ஆட்சித் தலைவரின் கடிதம் வேண்டும். திரும்பும் நாளும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். கடிதமின்றிப் பிடிபட்டால் ஓடிப்போனவரென்று இழுத்துவந்து தண்டிப்பர். மறுமுறையும் பிடிபட்டால் அடிமைத்தளை. வீட்டுக் கதவுக்குப் பூட்டில்லை. நாட்டின் பாதைகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன! யாரும் நுழையக்கூடிய வீட்டில் ஒதுங்கியிருக்கவும் இடமில்லை.

ஹித்லொடே இவற்றையெல்லாம் குறையாகக் காணவில்லை. நூலாசிரியர் அவனோடு முழுதும் உடன்பட்டவரல்லர். அவனது பெயருக்கே 'வீண்பேச்சில் வல்லவன்' என்ற பொருள்வர வைத்தார். அங்குள்ள பலவற்றை விரும்பலாம், எதிர்பார்க்க இயலாது என்ற கருத்தோடு நூலை முடிக்கின்றார்.

மோரின் வாழ்வும் இந்த முரணிலிருந்து தப்பவில்லை. தாம் கற்பனை செய்த நாட்டில் அவரவர் சமயத்தை அவரவர் பேணலாம் என்று எழுதியவர் அவர். ஆனால் 1529 முதல் 1532 வரை அவர் இங்கிலாந்தின் உயர் அமைச்சராக இருந்த காலத்தில், திருச்சபைக் கொள்கையை மறுத்தோர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பின்னர், திருச்சபைக்கு மன்னனே தலைவன் என்று சத்தியம் செய்ய மனச்சாட்சி இடந்தராமையால், 1535இல் அவரது தலையே வெட்டப்பட்டது.

பொன்னாடு ஒன்றைக் கட்டித்தருவதாக யார் வந்து சொன்னாலும், அதன் வீடுகளின் அழகை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அங்கிருந்து ஒருவன் தன் விருப்பப்படி வெளியே போகலாமா என்றும் கேளுங்கள். மோரின் நூலைப் படிக்குந்தோறும் என் மனதில் எழும் கேள்வி அதுவே.