பெரிய காமிராவின் சரித்திரமும் முதல் பாடமும்

இப்போது திரையில் தெரிகிற இந்த மரக் காமிரா, ஸ்டூடியோ நடத்திய என் மாமனாரிடமிருந்து டில்லி ஆர்.கே.புரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இதைப் போன்ற ஒன்று வாரிசுரிமையாக வாய்த்தும், அதை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவதென்று புலப்படாமல் அலமாரியின் மேல் அலங்காரமாக ஏற்றிவிட்ட அன்பர்களை உத்தேசித்தே இன்றைய பேச்சு. கையாளும் முறையை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் பிரயோஜனம் அதிகமில்லை. இதன் ஒவ்வோர் அங்கமும் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதற்கான காரணம் இதன் சரித்திரத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவு பெரிய உருவம் எதற்கு என்பதுதான் பார்த்தவர் எல்லோரும் கேட்கிற முதற்கேள்வி. புகைப்படக் கலையின் ஆரம்ப காலத்தில், நெகட்டிவின் மேல் காகிதத்தை ஒட்ட வைத்து வெயில் காட்டியே படம் அச்சிட்டார்களாதலால், எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவும், அந்த நெகட்டிவைத் தாங்கும் அளவுக்குப் பெரிய காமிராவும் அவசியமாயின. 1856-இல் சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவுள்ள நெகட்டிவ்களை ஏற்கும் காமிராவைச் சுமந்துகொண்டு, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை என்று யாத்திரை செய்தார். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை அவர் வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து அமைத்த நீள்படம் 19 அடிக்கும் மேற்பட்டது. அவர் அந்தப் பணிக்குப் பயன்படுத்தியது கண்ணாடியுமன்று, பிலிமுமன்று; மெழுகு ஊட்டிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். அதன்பின் சென்னைக்குக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இது அரசாங்கத்துக்குக் கட்டாத ஆடம்பரம் என்று கருதி அந்த வேலையை நிறுத்திவிட்டார். அந்தக் காகிதத்தை மறக்காமல் மனத்தில் வைத்திருங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கிறது.

காகிதத்தின் இடத்தைக் கண்ணாடி பிடித்துக்கொண்டது. 1851-இல் இங்கிலாந்தில் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொல்லோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின் மேல் ரசாயனத்தைப் பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள் கழுவியும் ஆகவேண்டியிருந்தபடியால், புகைப்படக்காரர் போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் கூடவே போயிற்று. 1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் பூச்சைப் பற்றி எழுதியதையொட்டி உலர்ந்த பிளேட்டுகள் விற்பனைக்கு வந்தபிறகே அந்தக் கூடாரம் ஒழிந்தது. இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து, பின்னர் ஹைதராபாத் நிஜாமின் சமஸ்தானப் புகைப்படக்காரரான லாலா தீன் தயாள் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்களில் ஆயிரக்கணக்கானவை, இதே டில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன.

நம் நாட்டு ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் சீமைக் காமிராக்களே ராஜ்யம் செய்தன. அந்த நிலைமையை மாற்றியவர் கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த கருணாகரன். ஹார்மோனியம் பழுதுபார்க்கும் அவர் குடும்பத்தின் கடைக்கு, 1940-களில், உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவர் தம் காமிராவின் கிழிந்த துருத்தியைச் செப்பனிடக் கொண்டுவர, வாத்தியத்தின் துருத்தியை மடித்துப் பழகிய கைகளுக்கு அது பெரிய காரியமாக இல்லை. துருத்தி செய்தவர் முழுக் காமிராவையே செய்யத் தலைப்பட்டு, ‘வாகீஸ்வரி’ என்ற பெயரில் அவர் செய்த மரக் காமிராக்கள் இந்தியா முழுவதும் பரவின. ஆகவே, உங்களுக்கு வந்த காமிராவின் மரச் சட்டத்தில் அந்தப் பெயர் பொறித்த தகடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சீமைச் சரக்கு இல்லையே என்று ஏமாற வேண்டாம்.

பெரிய காமிரா ஸ்டூடியோவுக்குள்ளேயே அடங்கிக் கிடந்ததுமில்லை. 1942-இல் டில்லிக்கு வந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா, புடவை உடுத்து, அமெரிக்காவின் கிராஃப்ளெக்ஸ் கம்பெனி செய்த ‘ஸ்பீட் கிராஃபிக்’ காமிராவை ஏந்தி, சுதந்திர இந்தியாவின் பிறப்பை இந்த நகரத்தில்தான் பதிவு செய்தார். அந்தக் காமிராவின் பிலிம் 4 அங்குலத்துக்கு 5 அங்குலம். பிலிமை இட்டுக் காமிராவில் செருகும் ஹோல்டர் ஒன்றில் இருபுறமும் சேர்த்து இரண்டே படங்கள். அந்த இரண்டுக்குள் சம்பவத்தைப் பிடித்தாக வேண்டும். பிற்பாடு 35 மில்லிமீட்டர் சுருள் பிலிம் பத்திரிகை உலகையும், கலர்ப் படங்கள் ஸ்டூடியோக்களையும் ஆட்கொள்ளவே, பெரிய காமிராக்கள் பரணேறின. ஆயினும் 4-க்கு 5 பிலிமின் பரப்பு 35 மில்லிமீட்டர் பிலிமைப் போல ஏறத்தாழ 15 மடங்கு என்பது இன்றைக்கும் மாறாத உண்மை.

இனி உங்கள் காமிராவுக்கு வருவோம். முதற்காரியமாக, இரவில் அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் ஒரு டார்ச் விளக்கை வைத்து, மடிப்புகளின் மூலைகளில் எங்கேனும் வெளிச்சம் கசிகிறதா என்று கவனியுங்கள். கசிகிற ஊசித்துளைகளைக் கறுப்புத் துணிப் பட்டையால் ஒட்டிவிடலாம். அடுத்தபடியாக, பின்புறத்து மங்கல் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா என்றும், ஹோல்டர்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றின் அளவு என்ன என்றும் பாருங்கள். பழைய இந்திய ஸ்டூடியோக் காமிராக்களில் பல, நாலேமுக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலமான ஆஃப் பிளேட் அளவைச் சேர்ந்தவை. அந்த அளவுக்குப் பிலிம் இன்று கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை.

பிலிம் கிடைக்காதே என்று மலைத்து நிற்கும் இந்த இடத்தில்தான் ட்ரைப்பின் காகிதம் கைகொடுக்கிறது. அச்சிடுவதற்கான பிரோமைடு காகிதத்தைச் சிவப்பு விளக்கின் கீழ் உங்கள் ஹோல்டரின் அளவுக்கு வெட்டி உள்ளே செருகினால், அதுவே நெகட்டிவ். பிலிமைவிட மலிவு, கழுவும்போது பிம்பம் எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் வேகம் ஐ.எஸ்.ஓ. 6 என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால், திறந்த நிழலில், லென்ஸின் துவாரத்தை எஃப் 32-க்குச் சுருக்கி, ஐந்து அல்லது ஆறு வினாடி ஒளி காட்டினால் போதும். இவ்வளவு நீண்ட நேரத்துக்கு ஷட்டர் எதற்கு? லென்ஸ் மூடியைக் கழற்றி, நிதானமாக எண்ணி, திரும்ப மூடுங்கள். சிவப்பு நிறம் இந்தக் காகிதத்தில் பதியாதாகையால், அச்சில் குங்குமப் பொட்டு கறுப்பாக விழும். அதைக் கண்டு திகைக்க வேண்டாம்.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், மங்கல் கண்ணாடியில் உலகம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் தெரியும். சிறிது நேரத்தில் அது பழகிவிடும். பூதக்கண்ணாடியால் பிம்பத்தின் கூர்மையைச் சரிபார்த்து, லென்ஸ் மூடியைப் போட்டபிறகே ஹோல்டரைச் செருகி, அதன் ஒளிமறைக்கும் தகட்டை உருவ வேண்டும். இந்த வரிசை தவறினால் காகிதம் பாழ். இன்னொரு விசேஷம், லென்ஸைத் தாங்கும் முன்பலகை மேலே உயரக்கூடியது. இங்கே செக்டார் 7-இல் குன்றின்மேல் நிற்கும் மலை மந்திர் கோயிலைக் கீழேயுள்ள சாலையிலிருந்து எடுக்கும்போது, கைபேசியை அண்ணாந்து பிடித்தால் கோயில் விமானம் பின்பக்கம் சாய்ந்தாற்போல் விழும். இந்தக் காமிராவிலோ, பின்புறத்தை நேர்செங்குத்தாக நிறுத்தி, முன்பலகையை மட்டும் உயர்த்தினால், கோடுகள் சாயாமல் நிமிர்ந்து நிற்கும்.

டெவலப்பரிலும் ஹைப்போவிலும் தோய்த்து, அலசி உலர்த்திய அந்தக் காகித நெகட்டிவை, இருட்டறையில் புதிய காகிதத்தின்மேல் முகத்தோடு முகம் சேர்த்து, மேலே கண்ணாடியை அழுத்தி வைத்து, சில வினாடி விளக்கொளி காட்டுங்கள். புதிய காகிதத்தையும் அவ்வாறே கழுவினால் படம் வந்துவிடும். பெரிதாக்கும் எந்திரம் எதுவும் தேவையில்லை.

முடிவாக ஒரு விண்ணப்பம். சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் அவசரத்தில், காமிராவோடு வந்த பழைய கண்ணாடி நெகட்டிவ்களைக் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றின் மருந்துப் பூச்சுள்ள பக்கத்தைத் தண்ணீரால் துடைக்காமல், தனித்தனிக் காகித உறைகளில் இட்டு, படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். காமிரா வேறு கிடைக்கலாம். அந்த முகங்கள் வேறெங்கும் கிடைக்கமாட்டா.