தீராத மனச்சோர்வும் பேச்சு வைத்தியமும்



ஒரு ஸ்திரீ மாதக்கணக்காய் அழுதுகொண்டும், ஊண் உறக்கமின்றியும், பெற்ற பிள்ளையைக்கூட ஏறெடுத்துப் பாராமலும் கிடந்தால் நம் வீடுகளில் என்ன சொல்லுகிறார்கள்? பேய் என்கிறார்கள், கிரகம் என்கிறார்கள், அதுவுமில்லையானால் திமிர் என்கிறார்கள். ஆனால் அது மனச்சோர்வு என்னும் வியாதி. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாய் வருவது.

இதற்கு மாத்திரை உண்டு. மாத்திரை சாப்பிட்டும் தீராதவர்கள் கதி என்ன? பிரிட்டனில் இதற்கு வேப்பிலை அடிக்கவில்லை; கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மாத்திரைக்கு மசியாத 469 பேரை (பெரும்பாலோர் பெண்கள்) சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாய்ப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியமும், மறுபாதிக்கு அத்துடன் பேச்சு வைத்தியமும் தந்தார்கள். மந்திரமல்ல. "நான் எதற்கும் உதவாதவள்" என்று ஒருத்தி நினைத்தால், அதற்கு அத்தாட்சி என்னவென்று வைத்தியரும் அவளும் சேர்ந்து விசாரிப்பதும், முடங்கிக் கிடப்பவளைச் சிறு காரியங்களில் மறுபடி இறக்குவதுந்தான். 6 மாதத்தில் பேச்சு வைத்தியம் பெற்றோரில் 100க்கு 46 பேருக்கு உபத்திரவம் பாதிக்குமேல் குறைந்தது. மற்றவர்களில் 22 பேருக்கே.

லண்டன் டாவிஸ்டாக் வைத்தியசாலையிலோ பிராய்டின் வழி. பழைய வாழ்வைக் கிளறிப் பேசுவது, 18 மாதம். 2015இல் வெளியான முடிவின்படி, 129 பேரில், வைத்தியம் முடிந்த சமயம் வித்தியாசம் அதிகமில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், இவ்வைத்தியம் பெற்றோரில் 100க்கு 44 பேர் கடும் மனச்சோர்வு என்ற எல்லைக்கு வெளியே வந்திருந்தார்கள். பெறாதவர்களில் 10 பேர். அப்பொழுதும் பூரண குணமடைந்தவர்கள் சொற்பமே.

எது உசத்தி என்பீர்கள். படியால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் ஒப்பிடலாமா? இப்பரீட்சைகளில் ஒரு முறையை மற்றொன்றோடு நிறுத்திப் பார்க்கவில்லை. பிராய்டு பெரியவர் என்பதற்காக அவர் வழியை நம்ப வேண்டியதுமில்லை. குணமாகாத பாதிப்பேரின்மேல் குற்றம் சுமத்துவதோ அயோக்கியத்தனம். அடிக்கிற புருஷனுக்கு எந்த மாத்திரையில் மருந்திருக்கிறது?

இவ்வளவு வைத்தியர்களுக்கு எங்கே போவது? கோவாவில் மனோவைத்தியப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, 6 முதல் 8 தடவை பேச வைத்தார்கள். கடும் சோர்விலிருந்த 495 பேர், முக்கால்வாசி பெண்கள். 3 மாதத்தில் 100க்கு 64 பேர் தேறினார்கள். வழக்கமான வைத்தியத்தில் 39. ஆனால் இவர்கள் மாத்திரைக்கு மசியாதவர்களென்று பொறுக்கப்பட்டவர்களல்லர்.

இதைக் கேட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 14416 என்ற சர்க்கார் தொலைபேசியில் 2022 முதல் காசில்லாமல் தமிழிலேயே யோசனை கேட்கலாம். வீட்டுப் பெண்கள் பேசும்போது ஆண்கள் சற்று எழுந்து வெளியே போங்கள்.