தவணை போதும்



காங்கேசன்துறையின் வரலாற்றைப் பற்றிப் பேசும்படி தலைவர் என்னைக் கேட்டிருக்கிறார். பேசுவேன். அதற்கு முதல் ஒரு விஷயம். இந்தக் கூட்டத்துக்குக் கதிரை எடுக்கப் போன எங்கள் பொடியனை நேற்று ஒழுங்கை முகப்பில் இரண்டு பேர் மறித்திருக்கிறார்கள். சிவில் உடுப்பு. "ஆர் பேசுகினம்? எத்தனை பேர் வருவினம்? ஒழுங்கு செய்யிறவரின்ர போன் நம்பர் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். ஒரு வாசிகசாலைக் கூட்டத்துக்கு வருகிற சனத்தின் கணக்கு இன்னும் ஆருக்குத் தேவைப்படுகிறது? அவர்கள் இந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கவும் கூடும். இருந்தால் நான் சொல்வதை வடிவாக எழுதிக்கொள்ளட்டும். ஒளித்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

கை தட்டுகிறீர்கள். நன்றி. சரி, வரலாற்றுக்கு வருகிறேன்.

இந்தத் தொகுதிக்கு ஒரு பிரதிநிதி இருந்தார். மெலிந்த உடம்பு. கடைசிக் காலத்தில் நடுக்கவாதம் வந்து, குரலும் தளர்ந்துபோனது. பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், அங்கே ஒரு தம்பி சொல்லிவிட்டார். ஓம் தம்பி, தந்தை செல்வாதான். 1972 மே 22ஆம் திகதி புதிய குடியரசு யாப்பு வந்தது. சிறுபான்மையினருக்கு ஓரளவு காவலாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அன்றோடு போனது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பது யாப்புக்குள்ளேயே ஏறியது. அந்த ஒக்டோபரில் இந்த மனிதர் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். தமிழ் மக்கள் இந்த யாப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தால் என் தொகுதியில் தேர்தலை வைத்துப் பாருங்கள் என்பதே அவர் விட்ட சவால்.

அரசாங்கம் என்ன செய்தது? தேர்தலை வைக்கவில்லை. 1973 முழுவதும் போனது. 1974 தை மாதம் யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி இரவில் சனம் செத்து விழுந்தது. அன்றைக்கும் காங்கேசன்துறைக்காகச் சட்டசபையில் கேட்க ஓர் ஆள் இல்லை, ஆசனம் வெறுமையாகக் கிடந்தது. 1975 பெப்ரவரி 6ஆம் திகதிதான் வாக்குப் பெட்டி வந்தது. இரண்டு வருடமும் நாலு மாதமும்! பெட்டியைத் திறந்தால் அவருக்கு 25,927 வாக்கு, பெரும்பான்மை 16,470. எங்கள் சனத்தின் பதில் என்னவென்று கொழும்புக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் கேள்வியைத் தள்ளிப்போட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? இந்த நாட்டில் தமிழனிடம் ஆரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. தவணை போடுவார்கள். கோட்டில் வழக்குக்குத் தவணை போடுவதுபோல் ஒரு சனத்துக்கே தவணை போடுவார்கள். வழக்காளி செத்துப் போகும்வரை போடுவார்கள்.

வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்ரெம்பர் 21ஆம் திகதி முதன்முதலாகத் தேர்தல் வைத்தார்கள். அதன் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. முன்னுக்குப் பாயில் இருக்கிற பிள்ளைகளில் சிலர் அன்றைக்குப் பிறந்தே இருக்கமாட்டார்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிராக 139 வாக்கு. ஆதரவாக எத்தனை? ஒன்றும் இல்லை! அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் போனது, புதிய முறையும் வரவில்லை, தேர்தல் நடுவில் தொங்குகிறது. ஒன்பது மாகாணத்துக்கும் இதே கதிதான். ஆனால் மற்ற மாகாணங்களுக்கு மத்திய அரசு தங்கள் சொந்த அரசு. எங்களுக்குக் கையில் கிடைத்த ஒரே சிறு சபை அது.

அங்கே பின்வரிசையில் ஒரு ஐயா தலையை ஆட்டுகிறார். விளங்குகிறது ஐயா. எங்கள் ஆட்களும் அந்த 2017 சட்டத்துக்குக் கையைத் தூக்கினார்கள்தானே என்று கேட்கிறீர்கள். தூக்கினார்கள். அதை மறைத்து இந்த மேடையில் நான் பேசமாட்டேன். முப்பத்தெட்டுப் பேர் கொண்ட சபையில் முப்பது ஆசனத்தை ஒரே அணிக்குக் கொடுத்த சனம் நீங்கள். அந்த ஐந்து வருடத்தில் என்ன பார்த்தீர்கள்? தங்கள் முதலமைச்சருக்கு எதிராகத் தாங்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை எழுதியதைப் பார்த்தீர்கள். இன்றைக்கு அதே ஆட்கள் நாலு கட்சியாக, ஐந்து அணியாகப் பிரிந்து, ஒவ்வொருவரும் தானே தந்தையின் வாரிசு என்கிறார்கள். அவரின் படத்துக்கு மாலை போடுகிற கைகளுக்கு நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் பதவியைத் துறந்து மக்களிடம் போனார். உங்களில் ஒருவர், ஒரேயொருவர், ஒரு நாளாவது ஒரு பதவியைத் துறந்திருக்கிறீர்களா? தையிட்டியில் சனம் காணிக்காக நிற்கிற போராட்டத்துக்கு வருகிறீர்கள். படம் எடுக்கிறீர்கள். படம் எடுத்து முடிந்த உடனே வாகனம் வெளிக்கிடுகிறது. வெயிலில் நிற்பது காணிக்காரச் சனம்!

இருங்கோ, இருங்கோ. கை தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இது வயிற்றெரிச்சல்.

காணிக்கு வருகிறேன். 1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. பிறகு உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி வந்தது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே கலியாணம் முடித்தார்கள். மயிலிட்டித் துறை 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. இலங்கையில் பேர்போன மீன்பிடித் துறை, 27 வருடம் அதன் சொந்தக்காரர் கடலைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். இந்தக் கரையிலேயே இராணுவம் உல்லாச விடுதி நடத்துகிறது. காசு கொடுத்தவர் ஆரும் போய்க் குளிக்கலாம், காணிக்காரன் தன் கிணற்றைப் போய்ப் பார்க்க முடியாமல் இருந்தான்.

2013 ஏப்ரலில் மரங்களில் அறிவித்தல் ஒட்டினார்கள். 6,381 ஏக்கரை அரசாங்கம் சுவீகரிக்கப் போகிறதாம். அந்த அறிவித்தலில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? காணி உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை! முகாமில் ஒரு ஆச்சியை எனக்குத் தெரியும். அவவின் உறுதி பால்மாப் பைக்குள் மடித்து, அதன்மேல் ஒரு சீலைத் துண்டு சுற்றி, தலையணைக்குக் கீழே இருந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, நொத்தாரிசின் கையொப்பம் பாதி அழிந்துபோனது. உறுதியைப் பாராமலே சொல்லுவா: கிழக்கு ஒழுங்கை, வடக்குத் தமையன்ர காணி, மேற்கும் தெற்கும் இன்னார் இன்னார், இதுக்குள் அடங்கிய நிலமும் வான்பயிர் செய்பயிரும் கிணற்றில் பங்கும். மூன்றரைப் பரப்பு. அந்த ஆச்சிக்கு அரசாங்கம் பெயர் எழுதி நிவாரண அட்டை கொடுத்தது. பெயர் எழுதி வாக்காளர் அட்டை அனுப்பியது. அரிசி கொடுக்கவும் வாக்குக் கேட்கவும் கண்டுபிடித்த ஆச்சியைக் காணியைத் திருப்பிக் கொடுக்க மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லையா? இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சனம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஆச்சி தன் காணியைப் பார்க்காமலே செத்துப் போனா. உறுதி இப்போது மகளிடம் இருக்கிறது. அந்த மகள் ஒவ்வொரு கந்தோராக ஏறுகிறா. அடுத்த கிழமை வாங்கோ, ஐயா லீவு, பைல் கொழும்புக்குப் போய்விட்டது, இதுதான் பதில்.

ஆட்சி மாறியது, நம்பினோம். இந்த மாவட்டத்தில் ஆறு ஆசனத்தில் மூன்றைப் புதிய ஆட்சிக்காரருக்குக் கொடுத்தோம். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,941 ஏக்கர், யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 3,669. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. கனடாவில் இருக்கிறவனும், இந்திய அகதி முகாமில் இருக்கிறவனும், உறுதியைச் செல்லடியில் பறிகொடுத்தவனும் மூன்று மாதத்துக்குள் ஓடி வரவேண்டும்! உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அரசாங்கம் வர்த்தமானியைத் திரும்பப் பெற்றது. சட்டத்தரணிகளும் சனமும் சத்தம் போட்டதால் நின்றது. சும்மா இருந்திருந்தால் நின்றிருக்காது.

அதே 2025 ஏப்ரலில் பலாலி வசாவிளான் வீதியைத் திறந்தார்கள். முப்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு. திறந்த அன்று போட்ட பலகையை நீங்களும் பார்த்தீர்கள். காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை. நடக்கக் கூடாது. நிற்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. அம்மம்மாவின் வீட்டு வாசலைக் கடந்து போகலாம், இறங்கிப் பார்க்கக் கூடாது! இதற்கும் நாங்கள் நன்றி சொல்ல வேண்டுமென்று எதிர்பார்க்கிறார்கள். என் வாயில் நன்றி வரவில்லை.

தையிட்டியில் தனியாரின் உறுதிக் காணியில் விகாரை எழும்பி நிற்கிறது. புத்தரில் எங்களுக்குக் கோபம் இல்லை. காணி ஆருடையது என்றுதான் கேட்கிறோம். ஒவ்வொரு போயா நாளும் சனம் போய் நிற்கிறது. பொலிஸ் வீடியோ எடுக்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் தலைக்கு மேலே நிற்கிறது. நீக்குவோம் என்று எத்தனை அரசாங்கம் சொன்னது? 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வந்தது. எங்கள் ஊடகவியலாளர் நிமலராஜனைச் சுட்டுக் கொன்றது 2000ஆம் ஆண்டு. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதற்கும் தவணைதான்.

அந்த மெலிந்த மனிதரிடம் திரும்ப வருகிறேன், அவரை விட்டுப் போக முடியவில்லை. அவரிடம் படையும் இல்லை, கடைசியில் குரலும் இல்லை. ஒரு கேள்வியைத் திகதியோடு கேட்டார். தேர்தல் எப்போது? இரண்டு வருடமும் நாலு மாதமும் விடாமல் கேட்டது இந்தத் தொகுதி. கடைசியில் அரசாங்கமே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். உறுதியை வீட்டில் பூட்டி வைக்காதேங்கோ, இரண்டு படி எடுத்து ஒன்றை வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்புங்கோ. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று விதானையாரிடம் போய்ப் பாருங்கோ. கந்தோரில் அடுத்த கிழமை வா என்றால், அடுத்த கிழமை எந்தத் திகதி என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கோ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது, விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாவிட்டால் இந்த வாசிகசாலைப் பிள்ளைகள் நிரப்பித் தருவார்கள், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வாருங்கோ. வருகிற போயாவுக்குத் தையிட்டியில் சந்திப்போம். உறுதியின் படியையும் கொண்டு வாருங்கோ.